தண்ணீர் ஊரார் கையில், தானியம் அரசன் கையில்: பண்டைய எகிப்தின் நிலமும் ஆட்சியும்

பண்டைய எகிப்து என்றதும் பிரமிடும் மம்மியும்தான் நினைவுக்கு வரும். இரண்டுமே பாலைவன விளிம்பில், பயிர் ஏறாத மண்ணில் கிடைத்தவை. மக்கள் குடியிருந்த ஊர்களோ ஆற்றோர மேடுகளில் பச்சைச் செங்கல்லால் கட்டப்பட்டவை. அவை இடிந்த இடத்திலேயே அடுத்த தலைமுறை வீடு கட்டியது, வண்டலும் மூடியது. இன்று அவற்றில் பெரும்பாலானவை நடப்பு ஊர்களுக்கு அடியில் கிடக்கின்றன. தோண்டக் கிடைத்தது கல்லறை என்பதால் அந்தச் சமூகத்தைக் கல்லறையை வைத்தே அளக்கும் பழக்கம் வந்துவிட்டது. அரச வம்சங்கள் எத்தனையோ மாறியும் அரசன் என்ற பதவி ஏறத்தாழ 3000 ஆண்டுகள் எப்படி நிலைத்தது? இதற்குச் சரியான விடை வயலிலும் படகிலும் களஞ்சியத்திலும்தான் இருக்கிறது.

ஆறும் காற்றும்

எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். நம் தென்மேற்குப் பருவமழையோடு அதற்கு உறவு உண்டு. எல் நினோ தலைதூக்கும் ஆண்டுகளில் இரண்டுமே குறைவது வழக்கம். அந்த மழைநீர் நீல நைல், அத்பரா என்ற இரண்டு ஆறுகளின் வழியே, எரிமலைப் பாறை தேய்ந்த மண்ணையும் கரைத்துக்கொண்டு இறங்கும். வெள்ளை நைல் ஆண்டு முழுக்கச் சீராக ஓடிக் கோடையிலும் ஆறு வற்றாமல் காக்கும். 1960களில் அஸ்வான் உயரணை எழும் வரை, ஜூன் கடைசியில் தென்கோடி அஸ்வானில் நீர்மட்டம் ஏறத் தொடங்கியது. செப்டம்பரில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல வடிந்தது. வடக்குக் கடற்கரையை விட்டால் எகிப்தில் மழை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அன்று ஆற்று வெள்ளம் வந்தால்தான் சோறு.

அஸ்வானிலிருந்து டெல்டா தொடங்கும் இடம் வரை பள்ளத்தாக்கின் நீளம் சுமார் 900 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் ஓரிரு கிலோமீட்டர். நன்றாக விரிந்த இடத்திலும் 20 கிலோமீட்டரை ஒட்டித்தான். நிலச்சரிவு கிலோமீட்டருக்கு 10 சென்டிமீட்டர்கூட இல்லை, அதனால் ஓட்டம் நிதானமானது. ஆறு ஓடுவது தெற்கிலிருந்து வடக்கே. ஆண்டின் பெரும்பகுதியில் வீசும் வாடைக்காற்றோ வடக்கிலிருந்து தெற்கே. வடக்கே போகிற படகு பாயைச் சுருட்டிக்கொண்டு ஓட்டத்தோடு மிதக்கலாம். தெற்கே போகிற படகு பாய் விரித்தால் போதும். எந்த வயலிலிருந்தும் சில மணி நேர நடையில் ஆறு வந்துவிடும். சக்கர வண்டி பெரிதாகப் புழங்காத காலத்தில் இப்படி ஒரு போக்குவரத்து வழி எளிதில் வாய்க்காது.

இந்த இரண்டு வசதிகளில் வெள்ளத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அரசாட்சியை உருவாக்கியதில் படகுப் பாதைக்கும் அதே அளவு பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் பார்வை.

பாசனத்தை யார் நடத்தினார்கள்?

20ஆம் நூற்றாண்டின் நடுவில் வரலாற்றாளர் கார்ல் விட்ஃபோகல் முன்வைத்த கருத்து இன்றும் பாடநூல்களில் உலவுகிறது: பெரிய ஆற்றைக் கட்டி மேய்க்க மையப்பட்ட நிர்வாகம் வேண்டும், அந்தத் தேவையிலிருந்தே சர்வாதிகார அரசு பிறந்தது என்பது அதன் சாரம். எகிப்துக்கு அது பொருந்தாது என்று 1970களில் புவியியலாளர் கார்ல் பட்ஸர் காட்டினார். அங்கே பாசனம் நடந்த விதத்தைப் பார்த்தாலே காரணம் விளங்கும்.

ஆண்டுதோறும் கரை புரளும் ஆறு கனமான மணலையும் மண்ணையும் தன் ஓரத்திலேயே கொட்டிவிடும். அதனால் ஆற்றை ஒட்டிய கரைதான் மேடு. அங்கிருந்து பாலைவனத்தை நோக்கிப் போகப் போக நிலம் தாழும். அந்தத் தாழ்வில், மேட்டுக்கும் பாலைவன விளிம்புக்கும் இடையே மண்ணால் குறுக்குக் கரை எழுப்பினால் நிலம் பெரிய பெரிய தொட்டிகளாகப் பிரிந்துவிடும். வெள்ளம் உயரும்போது ஆற்றங்கரையில் ஒரு வாயை வெட்டித் தண்ணீரை உள்ளே விடுவார்கள். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்கும். வாயை அடைத்து 40 முதல் 60 நாள் அப்படியே தேக்கினால் வண்டல் படியும், மண் ஆழம் வரை ஈரம் குடிக்கும். ஆறு இறங்கியதும் மிச்ச நீரை அடுத்த தொட்டிக்கோ ஆற்றுக்கோ வடித்துவிடுவார்கள். அக்டோபர், நவம்பரில் கால் புதையும் சேற்றில் விதை தூவி, ஆடுகளை ஓட்டி மிதிக்க விடுவார்கள். மண் இறுகிய இடத்தில் இலேசான கலப்பை. அதன்பின் தானியப் பயிருக்கு மறு பாய்ச்சல் கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் கதிர் அறுத்துக் களத்துக்கு வரும்.

விளைந்தவை முக்கியமாக மூன்று: ரொட்டிக்கு எம்மர் கோதுமை, பீருக்கு பார்லி, துணிக்கு ஆளி. எம்மர் நம் கடைகளில் சம்பா கோதுமை என்று கிடைக்கும் இனம். உமி இறுக ஒட்டியிருப்பதால் உரலில் குத்தித்தான் அரைக்க முடியும். ஆளிச் செடியை அறுப்பதில்லை, நாரின் முழு நீளமும் கிடைக்க வேரோடு பிடுங்குவார்கள்.

அறுவடைக்குப் பின்பு வரும் கோடை இந்த முறையின் பலம். வெயிலில் நிலம் பிளந்து காற்று வாங்கும். அடுத்த வெள்ளம் அந்த வெடிப்புகளில் இறங்கி, சேர்ந்த உப்பைக் கரைத்து வடிகாலோடு கொண்டுபோகும். மெசொப்பொத்தேமியாவின் (இன்றைய ஈராக்) தென்பகுதி வயல்களை வாட்டிய உப்புப் பிரச்சினை எகிப்தை அந்த அளவுக்குத் தீண்டாததற்கு இதுவே காரணம்.

ஒரு தொட்டிக்குத் தேவைப்பட்ட கரையையும் வாயையும் வடிகாலையும் பக்கத்து ஊர்கள் நாலைந்து கூடினால் பார்த்துக்கொள்ளலாம். நூறு கிலோமீட்டர் தள்ளியிருப்பவரோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. பிரமிடுகள் எழுந்த பழைய அரசுக் கால (சுமார் கி.மு. 2700–2200) அதிகாரிகளின் பட்டங்கள் மிக நீளமானவை. களஞ்சியம், கருவூலம், அரசனின் முடியலங்காரம் வரை எல்லாவற்றுக்கும் மேலாளர் உண்டு. நாடு தழுவிய பாசனத் துறை மட்டும் அந்தப் பட்டியல்களில் காணவில்லை. நீரை மேலே இறைக்கும் ஏற்றம்கூடப் புதிய அரசுக் காலத்தில்தான் (சுமார் கி.மு. 1550–1070) வந்தது. அதுவரை தோட்டத்துக்குக் காவடித் தண்டில் பானை கட்டித் தூக்கினார்கள். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. தென் எகிப்தின் ஹீராக்கோன்போலிஸில் கிடைத்த, மிகத் தொடக்க காலத்துத் தேள் அரசனின் தண்டாயுதத் தலையில் அரசன் மண்வெட்டியோடு வாய்க்காலருகே நிற்கிறான். ஆற்றுக்கு மேற்கே உள்ள பையூம் பள்ளத்தில், இரண்டுக்கும் இடைப்பட்ட மத்திய அரசுக் காலத்து 12ஆம் வம்ச அரசர்கள் (சுமார் கி.மு. 1950–1800) பெரிய அளவில் நிலம் மீட்டார்கள். முதலாவது சடங்கு, இரண்டாவது ஒரு வட்டாரத்துக்கு உரியது. அன்றாட நீர் நிர்வாகம் ஊரார் கையிலேயே இருந்தது.

அளவு தவறினால்

ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார். வெள்ளம் 12 முழம் ஏறினால் பஞ்சம். 13 முழமானாலும் பசி. 14 மகிழ்ச்சி, 15 கவலையின்மை, 16 கொண்டாட்டம். எகிப்திய அரச முழம் சுமார் 52 சென்டிமீட்டர் என்பதால், பஞ்சத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் நடுவே இருந்தது ஏறத்தாழ இரண்டு மீட்டர் தண்ணீர். குறைந்தால் உயரமான தொட்டிகளுக்கு நீர் எட்டாது. வண்டலும் இல்லை, ஈரமும் இல்லை. மிஞ்சினால் குறுக்குக் கரைகள் உடையும், பச்சைச் செங்கல் வீடுகள் கரையும், விதைத் தானியம் நனையும், கால்நடை அடித்துக்கொண்டு போகும். வடிய நாளாவதால் விதைப்பு தள்ளிப்போய், மணி முற்றும் நேரத்தில் கடும் வெயில் பிடித்துக்கொள்ளும்.

அரசனின் கை நுழைவது இங்கேதான். வெள்ளத்தின் உச்ச அளவு செப்டம்பரிலேயே தெரிந்துவிடும். அறுவடை அடுத்த ஏப்ரலில். அதாவது நாட்டின் விளைச்சல் எவ்வளவு இருக்கும் என்று ஆறேழு மாதம் முன்பே ஏறக்குறையக் கணிக்கலாம். இப்படி ஒரு வாய்ப்பு எந்த வரி அதிகாரிக்கும் எளிதில் கிடைக்காது. 5ஆம் வம்சத்தோடு முடியும் பலெர்மோ கல் என்ற ஆண்டுக்குறிப்பில், ஒவ்வோர் ஆண்டின் கட்டத்துக்கும் அடியில் அந்த ஆண்டு வெள்ளத்தின் உயரம் முழம், உள்ளங்கை, விரற்கடை என்ற கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 7 உள்ளங்கை ஒரு முழம். ஓர் உள்ளங்கைக்கு 4 விரற்கடை. அரசனின் விழாவுக்கும் சிலை வடிப்புக்கும் போருக்கும் இணையாக ஆற்றின் உயரத்தையும் நிரந்தரமாகக் கல்லில் பதித்த அரசு அது. ஈராண்டுக்கு ஒருமுறை நடந்த கால்நடைக் கணக்கெடுப்பும் அதே கல்லில் இருக்கிறது. ஆட்சியாண்டையே அந்தக் கணக்கெடுப்பை வைத்து எண்ணினார்கள்.

வெள்ளம் வரப்புகளை அழித்துவிடுவதால் நிலத்தையும் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். 100 முழக் கயிற்றில் இடைவெளி விட்டு முடிச்சுப் போட்டு இருவர் இழுத்துப் பிடிக்க, எழுத்தர் குறித்துக்கொள்வார். நூறு முழம் நீளம், நூறு முழம் அகலம் ஒரு அலகு. நம் கணக்கில் சுமார் 67 சென்ட். தென்பகுதி நகரமான தீப்ஸின் மேற்குக் கரையில், புதிய அரசின் 18ஆம் வம்சத்து நில எழுத்தர் மென்னாவின் கல்லறைச் சுவரில் இதை அப்படியே பார்க்கலாம். அறுக்காத பயிரிலேயே கயிறு பிடித்து அளக்கிறார்கள். அடுத்து களத்தில் தானியத்தை மரக்கால் போன்ற பாத்திரத்தால் அளந்து கொட்டுகிறார்கள், எழுத்தர்கள் வரிசையாக உட்கார்ந்து குறிக்கிறார்கள். பாக்கி வைத்தவர்கள் அடிவாங்கும் காட்சியும் அங்கே உண்டு. எழுத்தறிந்தோர் மிகச் சிறுபான்மை. ஒரு குடும்பத்தில் ஒருவன் எழுத்தனாகிவிட்டால் கட்டாய வேலைக்கு மண் சுமக்கப் போக வேண்டாம். அந்தத் தொழிலுக்கு இருந்த மதிப்புக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

படகு, கல், கூலி

2013இல் செங்கடல் கரையில் வாதி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் பிரெஞ்சு எகிப்தியல் அறிஞர் பியர் தலே தலைமையிலான குழு பாப்பிரஸ் என்ற நாணல் தாள் கட்டுகளைக் கண்டெடுத்தது. எழுதப்பட்ட பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை இவையே. கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு அரசனின் ஆட்சியின் கடைசிப் பகுதியில், கி.மு. 26ஆம் நூற்றாண்டில், மெரெர் என்ற கண்காணிப்பாளர் சுமார் 40 பேர் கொண்ட தன் படகுக் குழு என்ன செய்தது என்று நாள்வாரியாகக் குறித்தவை. ஒரு நாள் துரா சுரங்கத்தில் சுண்ணாம்புக் கல் ஏற்றுகிறார்கள். இரவு அங்கேயே தங்கல். மறுநாள் கல்லோடு புறப்பட்டு, 'கூஃபுவின் ஏரி' என்ற சோதனைத் துறையில் இரவு. மூன்றாம் நாள் பிரமிடின் அடிவாரம். நான்காம் நாள் காலையில் வெறும் படகோடு துராவுக்குத் திரும்புகிறார்கள். பத்து நாளில் இரண்டு மூன்று நடை. சோதனைத் துறையில் மேலதிகாரியாக இருந்தவர் அரசனின் மாற்றுத்தாய்ச் சகோதரர் அங்க்ஹாஃப். கூடவே கிடைத்த கணக்குகளில் இந்தக் குழுவுக்கு வந்து சேர்ந்த ரொட்டி, பீர், தானிய வரவு பதிவாகியிருக்கிறது.

அந்தப் பாப்பிரஸ்களில் எகிப்திய அரசின் முழு உடற்கூறும் தெரிகிறது. ஊர்களில் திரட்டிய தானியம் படகேறி மையத்துக்கு வருகிறது. மையம் அதை ரொட்டியும் பீருமாக்கித் தன் வேலையாட்களுக்குப் படியளக்கிறது. அவர்கள் அரசனுக்காகக் கல் கொண்டுவருகிறார்கள், சினாயில் செம்பும் டர்க்காய்ஸ் என்ற பசுநீலக் கல்லும் வெட்டுகிறார்கள், லெபனான் கரையின் பிப்லோஸிலிருந்து தேவதாரு மரம் கொண்டுவருகிறார்கள். கூஃபுவின் தந்தை ஸ்னெஃப்ரு காலத்தில் 40 கப்பல் நிறைய மரம் வந்ததைப் பலெர்மோ கல் பெருமையோடு சொல்கிறது. பள்ளத்தாக்கில் தானியம் உண்டு, ஆனால் நல்ல மரம் இல்லை. செம்பும் தங்கமும் பாலைவனத்தில். அங்கே நூற்றுக்கணக்கான ஆளையும் கழுதையையும் வாரக்கணக்கில் சோறு போட்டு அனுப்ப அரசனால் மட்டுமே முடிந்தது. அதனால் அரிய பொருள் எல்லாம் அரசன் கை வழியாகவே இறங்கியது. பெரிய மனிதராவதற்கு அரச சேவையை விட்டால் வேறு வழி குறைவு.

நாணயம் இல்லாத சமூகத்தில் இந்தப் படி தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தெய்ர் எல் மதீனா சாட்சி. அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்த கைவினைஞர்களின் ஊர் அது. ஒரு தொழிலாளியின் மாதப் படி 4 கர் எம்மர், 1½ கர் பார்லி. ஒரு கர் சுமார் 77 லிட்டர். மேஸ்திரிக்கு 5½, 2. ஊரில் வயலோ கிணறோ இல்லை; தண்ணீரைக்கூட ஆள் வைத்துச் சுமந்து வந்தார்கள். மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுவில், படி நின்றது. தொழிலாளர்கள் காவல் சுவர்களைத் தாண்டிப்போய் மூன்றாம் துத்மோஸின் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். மாதத்தில் 18 நாள் போய்விட்டது, பசிக்கிறது என்றார்கள். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை. எங்கள் நல்ல எஜமானர் பாரோவுக்கு எழுதுங்கள், தலைமை அமைச்சரான வசீருக்கு எழுதுங்கள் என்றும் கேட்டார்கள். வரலாற்றில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இது அறியப்படுகிறது.

அருகிலேயே, ராம்சியம் கோயிலைச் சுற்றி, வளைந்த கூரையுடைய செங்கல் கிடங்குகள் வரிசை வரிசையாக இன்றும் நிற்கின்றன. அவை நிரம்பினால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஓராண்டு தாங்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. வேலை நிறுத்தியவர்கள் கோயில் வாசல்களைத் தேடிப் போனதில் வியப்பில்லை. தானியம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

மண்ணுக்கேற்ற மன்னன்

சுமார் கி.மு. 3000இன் நார்மர் என்ற அரசனின் கல் பலகையில் அவன் ஒரு பக்கம் தெற்கின் வெள்ளை மகுடத்தோடும், மறு பக்கம் வடக்கின் சிவப்பு மகுடத்தோடும் இருக்கிறான். பள்ளத்தாக்கும் டெல்டாவும் இயல்பிலேயே வேறு. ஒன்று ஒரே கோடு. மற்றது பல கிளைகளாகப் பிரியும் ஆறும் சதுப்பும் மேய்ச்சலும். இரண்டும் சேரும் கழுத்தில் மெம்ஃபிஸ் தலைநகரானது. அங்கே உட்கார்ந்தவன் இரு பக்கப் படகுகளையும் பார்க்கலாம். தென்கோடியில் அஸ்வானின் முதல் பாறை அருவி இயற்கைக் கதவு. 12ஆம் வம்சத்து மூன்றாம் செனுஸ்ரெத் இந்தக் கதவை இரண்டாம் அருவி வரை தள்ளிக் கோட்டைகள் கட்டினான். வணிகத்துக்கோ தூதுக்கோ வருபவர் தவிர தெற்கே வாழ்ந்த எந்த நூபியரும் படகிலோ தரையிலோ வடக்கே கடக்கக்கூடாது என்று அங்கே செம்னாவில் எல்லைக்கல் நட்டான். நாடு ஒரே கோடாக இருந்தால் இரண்டு முனைகளையும் பிடித்தவன் நடுப்பகுதியையும் பிடித்தவன் ஆகிறான்.

இந்த நிலத்தில் ஓடி ஒளியவும் இடம் குறைவு. மத்திய அரசுக் கால இறுதியின் ஒரு பாப்பிரஸ், இன்று புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருப்பது, கட்டாய வேலையிலிருந்து ஓடியவர்களின் பெயர்ப் பட்டியல். ஆள் அகப்படும்வரை குடும்பத்தார் பிணையாகப் பிடிக்கப்பட்டதை அதில் காணலாம். மறுமையிலும் இந்த வேலை துரத்தும் என்று அஞ்சினார்கள் போலும். அழைப்பு வரும்போது 'இதோ நான் செய்கிறேன்' என்று இறந்தவருக்குப் பதிலாக எழும் உஷப்தி என்ற சிறு பொம்மைகளைக் கல்லறையில் வைத்தார்கள். செல்வரும் வைத்தார்கள், பின்னாளில் அரசரும் வைத்தார்கள்.

வன்முறையும் கணக்கும் மட்டும் இத்தனை நூற்றாண்டு தாங்காது. அரசன் உலக ஒழுங்கான மாஅத்தைக் காப்பவன், தெய்வங்களுக்கு உணவளிப்பவன், அதனால் ஆறு அளவோடு வரும் என்பது நம்பிக்கை. நாட்டின் ஒவ்வொரு கோயில் சுவரிலும் பூசை செய்பவனாகச் செதுக்கப்பட்டவன் அரசன் ஒருவனே. நடைமுறையில் பூசாரிகள் அவனுக்குப் பதிலாளிகள். 30 ஆண்டு ஆண்டபின் செத் விழாவில் எல்லைக் கற்களுக்கு நடுவே ஓடித் தன் வலிமையைக் காட்ட வேண்டும். அதற்கான முற்றத்தைப் பழைய அரசுக் கால அரசன் ஜோசர் மெம்ஃபிஸுக்கு அருகே சக்காராவில் கல்லிலேயே கட்டிவைத்தான். வெள்ளத்தின் பலனை வாங்கிக்கொள்பவன், வெள்ளம் பொய்த்தால் பழியையும் ஏற்க வேண்டியிருந்தது.

வெள்ளம் பொய்த்த ஆண்டுகள்

பழைய அரசு சரிந்தபின், சுமார் கி.மு. 2100இல், அங்க்திஃபி என்ற தென்பகுதி ஆளுநர் மோஅல்லாவில் உள்ள தன் கல்லறையில் எழுதினார்: மேல் (தென்) எகிப்து முழுவதும் பசியால் சாகிறது, மக்கள் தம் பிள்ளைகளையே தின்கிறார்கள், என் மாவட்டத்தில் ஒருவரையும் சாக விடவில்லை. மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. தானியம் கொடுத்துக் காத்தேன் என்று சொல்பவர் இப்போது ஆளுநர்; அரசனின் பேச்சு அவருக்குத் தேவைப்படவில்லை. வறண்ட காலநிலை மட்டுமே பழைய அரசைக் கவிழ்த்தது என்று சொல்வது அவசரம். மாவட்டப் பதவிகள் பரம்பரைச் சொத்தாகியிருந்தன, கோயில்களுக்குக் கட்டாய வேலையிலிருந்து விலக்கு தரும் ஆணைகள் பெருகியிருந்தன. தானியம் வழியிலேயே தங்கத் தொடங்கிய அரசு, மோசமான வெள்ளங்களைத் தாங்கவில்லை.

12ஆம் வம்சத் தொடக்கத்தில் ஹெகாநக்த் என்ற சிறு நிலக்கிழார் வெளியூரிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் தீப்ஸில் கிடைத்தன. வெள்ளத்தின் அளவுக்கேற்பவே படி நிர்ணயித்திருக்கிறேன், முணுமுணுக்காதீர்கள், ஒரேயடியாகச் சாவதைவிட அரை உயிர் மேல் என்கிறார். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று பெயர்வாரியாகப் பட்டியலும் தருகிறார். அரசன் நாட்டுக்குச் செய்ததையே குடும்பத் தலைவர் தம் வீட்டில் செய்கிறார்.

புதிய அரசின் கடைசி வம்சமான 20ஆம் வம்சத்தின் பிற்பகுதியில் தானிய விலை பல மடங்கு ஏறியது. கல்லறைக் கொள்ளை விசாரணையில், இந்த வெள்ளி எப்படி வந்தது என்று கேட்டபோது ஒரு பெண் சொன்ன பதில் பதிவாகியிருக்கிறது: மக்கள் பசித்திருந்த கழுதைப்புலிகளின் ஆண்டில் பார்லி கொடுத்து வாங்கியது. பதினொன்றாம் ராம்செஸின் 12ஆம் ஆண்டில் கல்லறை ஊரின் எழுத்தர் துத்மோஸே படகெடுத்துத் தெற்கே ஊர் ஊராகப் போய்த் தானியம் சேர்த்துவர வேண்டியிருந்தது. சில தலைமுறைக்கு முன்பு தானாக வந்து இறங்கிய படி அது. அந்த அரசனோடு புதிய அரசு முடிந்தது; டெல்டாவில் ஒருவரும் தீப்ஸில் ஒருவருமாக ஆட்சி பிரிந்தது.

ஆட்சியாளர் மாறினாலும் அளவுக் கயிறும் களஞ்சியமும் படகும் நின்றுவிடவில்லை. அலெக்சாண்டருக்குப் பின் ஆண்ட கிரேக்க வழித் தாலமி அரசர்கள் அவற்றைக் கிரேக்க மொழியில் இன்னும் இறுக்கமாக நடத்தினார்கள். கி.மு. 30இல் எகிப்தைப் பிடித்த அகஸ்டஸ் அதை மற்ற மாகாணங்களைப் போல செனட்டர்களிடம் விடாமல் தன் நேரடிப் பொறுப்பில் வைத்துக்கொண்டான். அவன் அனுமதியின்றி செனட்டர் எவரும் அங்கே கால் வைக்கக்கூடாது என்று தடையும் போட்டான். ரோம் நகரத்தின் தானியத்தில் கணிசமான பங்கு அப்போது அலெக்சாண்டிரியாவிலிருந்து கப்பலேறிக்கொண்டிருந்தது.